நெஞ்சில் இரண்டு தட்டு

செப்டம்பர் 4, திங்கள்

மாலே வந்து சேர்ந்தேன். விமான நிலையம் ஒரு தீவு, ஊர் ஒரு தீவு. நடுவில் பத்து நிமிஷக் கடல். பாலம் இருக்கிறது, ஆனாலும் கிளப் தலைவர் நசீம் என்னைப் படகில்தான் கூட்டிவந்தார். கிளப்பின் பெயர் தோணி. ஆகவே புதுக் கோச் தோணியில்தான் வரவேண்டுமாம். வழி நெடுக ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். எஞ்சின் இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்? தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

இந்த நோட்டைப் பெட்டிக்குள் வைத்தவள் என் மனைவி அமுதவல்லி. "போன்ல கேட்டா 'ம்'முன்னு சொல்லிட்டு வச்சிருவீங்க. எழுதியாச்சும் வைங்க, வந்ததும் படிச்சுக்கிறேன்" என்றாள். அவள் படிப்பாள் என்பதால் இதில் பொய் எழுத முடியாது.

நான் பெரியகுளத்துக்காரன். எங்கள் ஊரில் நடக்கப் பழகுவதும் கூடைப்பந்து தட்டப் பழகுவதும் ஏறக்குறைய ஒரே வயதில். ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்குப் பத்தொன்பது வருஷம் கோச். போன வருஷம் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் அரசியல். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

தோணி கிளப் பெண்கள் ஐந்து முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து ஐந்து முறையும் தோற்றிருக்கிறார்கள், ஐந்து முறையும் ஹார்பர் கிளப்பிடம். நசீம் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நேரடியாகச் சொன்னார்: கோப்பை வந்தால் அடுத்த சீசனும் நான்தான், வராவிட்டால் ஊருக்கு டிக்கெட். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இங்கேயும் எடுத்துவிட்டால் கோர்ட் ஓரத்தில் நிற்க இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அறையில் ஏ.சி. விசிலடிக்கிறது. நாளை சொல்லவேண்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் தலையைத் துணியால் மூடி, முழுக்கை போட்டு ஆடுகிறார்கள். காதும் சேர்ந்தல்லவா மூடியிருக்கிறது? ஆனால் பின்னால் பந்து தட்டும் சத்தத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

உயரமானவள் ஹவ்வா, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, மீனவர் வீட்டுப் பெண். பந்தைக் கொண்டுபோகிறவள் யும்னா, பத்தொன்பது வயது, கால் தரையில் நிற்காது. கேப்டன் ஷஃபா, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்.

என் ஆங்கிலத்தில் ஐந்து நிமிஷம் கத்தினேன். எல்லோரும் மரியாதையாக விழித்தார்கள். அப்போது ஷஃபா முன்னால் வந்து சொன்னாள்: "ஏனுங்க கோச், தமிழ்லயே திட்டுங்க. நான் எடுத்துச் சொல்லிக்கிறேனுங்க."

வாயிலிருந்த விசில் கீழே விழுந்துவிட்டது. நாலரை வருஷம் கோயம்புத்தூரில் படித்தாளாம். மாலத்தீவுக்காரி கொங்குத் தமிழ் பேசுகிறாள், நான் மதுரைப் பக்கத்துத் தமிழில் பதில் சொல்கிறேன், நடுக்கடலில். ஒரு மணி நேரம் தமிழிலேயே திட்டினேன். மனசு நிறைந்துவிட்டது.

தகரக்கூரை போட்ட அரங்கம். கடிகாரப் பலகை ஒன்றுதான், அதுவும் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள சுவரில். நேரம் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பவேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஏ.சி. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை என்கிறார். நன்றாகப் பார்க்கச் சொன்னேன். இன்னொரு முறை பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அமுதா போன் செய்தாள். நெட்வொர்க் மோசம். "நான் கத்துறது தெருமுக்கு வரைக்கும் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

செப்டம்பர் 16, சனி

முதல் ஆட்டம், முதல் வெற்றி. 61–48. ஹவ்வா பதினெட்டுப் புள்ளி. யும்னா ஓடிய ஓட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி உட்கார்ந்தே விட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் மீன் வடை மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இந்த ஊரில் மீன் இல்லாத பண்டம் தண்ணீர் ஒன்றுதான்.

செப்டம்பர் 30, சனி

நாலு ஆட்டம், நாலு வெற்றி. எனக்கு இந்தப் பெண்களிடம் ஒரே குறை, முணுமுணுவென்று பேசுகிறார்கள். யும்னாவைக் கூப்பிட்டு, விளையாட்டு வீராங்கனை என்றால் அடிவயிற்றிலிருந்து குரல் வரவேண்டும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் "குட் மார்னிங் கோச்" என்பதையே சண்டைக்கு வருகிற மாதிரி சொல்கிறாள்.

இந்த ஊர் நடுவர்களின் விசிலிலும் காற்று போதவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

காலைப் பயிற்சிக்கு நாற்பது நிமிஷம் தாமதம், நான்தான். ஷஃபாவும் ஹவ்வாவும் விடுதிக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்து என் தோளைத் தட்டினார்கள். தலைமாட்டில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் நுழைந்த அதே நேரத்தில்தான் அடிக்க ஆரம்பித்திருக்கவேண்டும். ஷஃபா அதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்லீங்க கோச், வாங்க போலாம்" என்றாள். வழியெல்லாம் என் வலப் பக்கமாகவே நடந்து வந்தாள்.

அக்டோபர் 14, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஹார்பருடன் லீக் ஆட்டம். கடைசி நாலு விநாடி. 57–56, நாங்கள் முன்னால். ஹார்பர் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடவேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பஸ்ஸர் அடித்தது. எனக்குக் கேட்டது. நீளமாக, கூர்மையாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடினேன். பாதி தூரம் போனபிறகுதான் வேறு யாரும் ஓடவில்லை என்று தெரிந்தது. எங்கள் பெண்கள் ஐந்து பேரும் அவரவர் இடத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸர் அடிக்கவில்லை.

ஆட்டம் முடியுமுன் கோச் உள்ளே வந்ததற்கு டெக்னிக்கல் ஃபவுல். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. போட்டார்கள், 57–57. அதன்பின் அவர்களே பந்தை உள்ளே போட்டு, வளையத்துக்கு அடியில் ஒரு கூடை. 57–59. ஆட்டத்தைத் தோற்றது அணியில்லை, நான். நான் ஒருவன் மட்டும்தான்.

மாலையிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. ஏ.சி. ஓடவில்லை. ஆனாலும் அந்த விசில் சத்தம் அறையில் இருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

நசீம் கூப்பிட்டார். சத்தம் போடாத மனிதர். கோபத்தில் குரல் இன்னும் கீழே போய்விட்டது. நான் தலையாட்டினேன். கூட வந்திருந்த ஷஃபா, அவர் சொல்லி முடித்ததும் ஒவ்வொன்றையும் உரக்கத் தமிழில் திருப்பிச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான் மறுக்கவில்லை.

சாரம் இதுதான்: இன்னொரு முறை இப்படி நடந்தால் இறுதி ஆட்டம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்.

கடைசியில் ஷஃபா அவரிடம் அவர்களுடைய திவேஹி மொழியில் நீளமாக ஏதோ பேசினாள். என்னவென்று கேட்டேன். "மழை வருதுன்னு சொன்னேனுங்க" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று பெண்கள் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தார்கள். பந்து கையில் இருக்கும்போது ஒருத்தி தலைமேல் கையைக் குவிக்கிறாள், இன்னொருத்தி காற்றில் எதையோ இழுக்கிறாள், பார்த்தவள் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து விசிலை ஊதிப் பன்னிரண்டு பேரையும் கோர்ட்டைச் சுற்றி ஓடவிட்டேன்.

ஓடி முடித்து மூச்சிரைக்க ஷஃபா வந்தாள். "ஏனுங்க கோச், கேக்காம கோவிச்சுக்கிட்டா எப்படிங்க? ஹவ்வா அப்பா படகுல இப்படித்தானுங்க பேசுவாங்க. எஞ்சின் சத்தத்துல ஆருக்கும் ஒண்ணும் காதுல விழாது. மீன் எங்கன்னு கையிலதான் சொல்லுவாங்க. நெஞ்சுல ரெண்டு தட்டுன்னா, 'கேட்டாச்சு'ன்னு அர்த்தமுங்க."

"அது படகுக்குச் சரி. இங்க எதுக்குத்தா?"

"ஹார்பர்க்காரங்களுக்குத் திவேஹி தெரியுமுங்க, நாங்க கத்துறது அவங்களுக்கும் புரியும். கை காட்டுனா புரியாதுங்கல்ல?"

யோசித்தேன். தந்திரம் நல்ல தந்திரம். அந்தக் காரணத்துக்காக மட்டும் அனுமதித்தேன்.

அக்டோபர் 28, சனி

72–50. கை பேசுகிறது, அணி பறக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. என் பங்குக்குப் புதுச் சைகைகள் சேர்த்தேன். மரத்தில் கல் எறிவது போல் காட்டினால் மாங்காய்: தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறி. இரண்டு கையால் ஒடிப்பது போல் காட்டினால் கரும்பு: நடுவில் நின்று எதிராளியை மறி, பின்னால் வருகிறவள் புகுந்து போகட்டும். இரண்டு கையாலும் வாரி அழைத்தால், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வா, நம் கூடையைக் காப்பாற்று. இந்தக் கடைசிச் சைகையைத்தான் ஆட்டத்துக்கு நூறு தடவை காட்டுகிறேன். முன்னால் ஓடுவது என்றால் இவர்களுக்கு உயிர், திரும்பி ஓடுவதென்றால் சோம்பல்.

மாங்காய், கரும்பு இரண்டு சொல்லும் பன்னிரண்டு பேருக்கும் பாடமாகிவிட்டன. பயிற்சியில் யாருடைய பந்தாவது கூடைக்குள் விழுந்தால் "மாங்கா!" என்று கூவுகிறார்கள். பெரியகுளத்து மாம்பழம் இந்தியப் பெருங்கடலைத் தாண்டிவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி எப்போதும் என் வலப் பக்கம் வந்து உட்கார்கிறாள். முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வருகிறார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

பயிற்சியில் யும்னா விழுந்தாள். எழுந்து நின்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் விசிலை ஊதி "ஓடு, ஓடு" என்றேன். அவள் நகரவில்லை. மறுபடி ஊதினேன். நொண்டிக்கொண்டு நாலடி ஓடினாள். அப்போது ஹவ்வா வந்து என் முன்னால் நின்றாள். ஆறடிப் பெண், இரண்டு கையையும் விரித்து, சுவர் மாதிரி நின்றாள். என்னை அப்படி யாரும் மறித்ததில்லை. திட்ட வாயெடுத்துவிட்டு அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். யும்னாவின் வலக் கணுக்கால் வீங்கியிருந்தது. அவள் விழுந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாளாம்.

ஷஃபா பனிக்கட்டி கட்டினாள். சுளுக்குத்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றாள்.

அமுதா, இதை நீ படிப்பாய். படி. முதல் நாள் எழுதியதில் 'காரணம் அரசியல்' என்ற வரியை இப்போது அடித்துவிட்டேன்.

போன வருஷம் மாநிலப் போட்டியில் தமிழினி என்று ஒரு பெண். முட்டியில் ஏதோ பிசகிவிட்டது என்று என்னிடம் மூன்று முறை சொன்னாளாம். நான் தலையாட்டினேனாம். ஆட்டியிருப்பேன், கேட்காதபோதெல்லாம் தலையாட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளே அனுப்பினேன். முட்டியில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. இருபது வயது. அவள் இப்போது ஆடுவதில்லை. என்னை எடுத்தவர்கள் நியாயமாகத்தான் எடுத்தார்கள்.

என் இடது காது செத்துவிட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. மீதியில் ஒரு விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏ.சி. நன்றாகத்தான் ஓடுகிறது.

நவம்பர் 10, வெள்ளி

தொழுகை முடிந்து மாலைப் பயிற்சிக்கு வந்தவர்களை உட்காரவைத்தேன். "எனக்குக் காது கேக்காது" என்று காதைத் தொட்டுக் காட்டினேன். "இத்தன நாளா உங்க யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான் ஹார்பர்கிட்டத் தோத்தோம். அதனாலதான் நேத்து யும்னா கால் போகப் பாத்துச்சு. மன்னிச்சிருங்க."

ஷஃபா மொழிபெயர்க்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஹவ்வாவின் தோள் குலுங்கியது, பிறகு யும்னாவுடையது, பிறகு பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏனுங்க கோச், இது எங்களுக்கு எப்பவோ தெரியுமுங்க" என்றாள் ஷஃபா. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அலாரம் அடிச்ச அன்னிக்கே தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னுதானுங்க காத்துட்டு இருந்தோம்."

ஹார்பர், திவேஹி, தந்திரம் எல்லாம் எனக்காகச் சொன்ன கதை. வெட்கமாக இருந்தது. அதைவிட, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

அங்கேயே ஒரு புதுச் சைகை வைத்தேன். வலித்தால் காதைப் பிடிக்கவேண்டும். ஜெயிக்கிற நேரமானாலும், கையில் பந்து இருந்தாலும், பிடித்தாகவேண்டும். பன்னிரண்டு பேரும் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

அந்தக் கையோடு நசீமிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். வாழ்வோ சாவோ, இனி மறைக்க முடியாது. அவர் நாற்காலியை என் வலப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் தவசி, இந்த ஊரில் பாதிப் படகோட்டிகளுக்குக் காது கேட்காது. படகைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நீங்களும் கொண்டுவாருங்கள். வராவிட்டால் டிக்கெட் விஷயத்தில் மாற்றமில்லை."

நவம்பர் 18, சனி

அரையிறுதி. 66–51. யும்னாவைப் பத்து நிமிஷம் மட்டும் ஆடவிட்டேன். இறுதி ஆட்டத்தில் யார் என்று கேட்கவேண்டாம். ஹார்பர்.

நவம்பர் 25, சனி

நாலு மணிக்கு ஆட்டம். மூன்று மணிக்கே அரங்கில் இடமில்லை. ஹார்பர்க்காரர்கள் இந்த ஊர்ப் பெரிய மேளத்தைக் கொண்டுவந்திருந்தார்கள், போடுபெரு என்கிறார்கள். ஒன்றல்ல, எட்டு. தகரக்கூரைக்குக் கீழே எட்டு மேளமும் ஒன்றாக முழங்கியபோது பெஞ்சில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் தானாக நகர்ந்தது. சத்தம் என் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. என் காதில் அடிக்கும் விசில்கூட இன்றைக்குத்தான் அடங்கியது.

ஹார்பரின் கோச் ஒரு வெளிநாட்டுக்காரர், ஆறரை அடி, குரலுக்குப் பேர்போனவர். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் அவர் கோட்டோரம் நின்று கத்துவதைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. அவருடைய பெண்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய மேளமே அவர்களுடைய கோச்சை விழுங்கிவிட்டது.

நான் கத்தவில்லை. கரும்பை ஒடித்தேன். நெஞ்சில் இரண்டு தட்டு. ஷஃபா மறித்தாள், யும்னா புகுந்தாள், கூடை. மாங்காய் எறிந்தேன். இரண்டு தட்டு. கூடை. வாரி அழைத்தேன். ஐந்து பேரும் திரும்பி ஓடினார்கள், சோம்பல் இல்லாமல், முதல் தடவையாக. அந்த அரங்கத்தில் இன்று பேச முடிந்தது எங்களால் மட்டும்தான். நான் சிரித்துவிட்டேன். இறுதி ஆட்டத்தில் சிரிக்கிற கோச்சை நடுவர் முறைத்துப் பார்த்தார்.

ஹார்பர் லேசுப்பட்ட அணியில்லை. ஐந்து கோப்பை சும்மா வரவில்லை. பதினோரு புள்ளி முன்னால் இருந்தோம், அது ஏழானது, மூன்றானது. கடைசி நிமிஷத்தில் 62–62. அவர்கள் ஒரு கூடை போட்டார்கள். 62–64. பத்தொன்பது விநாடி பாக்கி.

அந்தக் கூடையைத் தடுக்கக் குதித்த யும்னா கீழே இறங்கி இரண்டடி வைத்தாள். என்னைப் பார்த்தாள். காதைப் பிடித்தாள்.

இருபத்தொரு புள்ளி எடுத்திருந்தாள். அவள் இல்லாமல் பந்தைக் கொண்டுபோக ஆளில்லை. என்னிடம் ஒரே ஒரு டைம்-அவுட் மிச்சமிருந்தது, அதைக் கடைசி ஐந்து விநாடிக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். எழுதுகிறேன், அமுதா, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டைம்-அவுட் கேட்டேன். யும்னாவை வெளியே எடுத்து என் வலப் பக்கம் உட்காரவைத்தேன். அவள் அழுதாள். வெளியே வந்ததற்கா, வலிக்கா, தெரியாது. நானே குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

அவளுக்குப் பதில் ஸீனா. சீசன் முழுக்க மொத்தம் ஒன்பது புள்ளி எடுத்தவள். பெஞ்சில் உட்கார்ந்து பழகிய பெண், ஆனால் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகும் தூரத்திலிருந்து எறிந்துகொண்டே இருப்பாள். டைம்-அவுட்டில் எட்டு மேளமும் ஒன்றாக அடித்தன. ஐந்து பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். கரும்பு, ஹவ்வா. பிறகு ஸீனாவைப் பார்த்து, கல்லை எடுத்து, மரத்தைப் பார்த்து, எறிந்தேன். அவள் கண் பெரிதானது. 'நானா?' என்று விரலால் தன்னைக் காட்டினாள். தலையாட்டினேன். இந்த முறை கேட்டுத்தான் தலையாட்டினேன்.

நெஞ்சில் இரண்டு தட்டு.

ஷஃபா கையில் பந்து. ஹார்பர் பெண்கள் எல்லோரும் ஹவ்வாவை மொய்த்தார்கள், பந்து உயரத்துக்குத்தான் போகும் என்று. ஹவ்வா நடுவில் சுவராக நின்றாள், அன்று என் முன்னால் நின்றாளே, அதே மாதிரி. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஸீனா வெளியே வந்தாள். பந்து வந்தது. எறிந்தாள். பலகையில் படவில்லை, வளையத்தில் படவில்லை. வலை மட்டும் அசைந்தது. 65–64.

மூன்று விநாடி பாக்கி. ஹார்பர் பந்தை நீளமாக வீசியது. யார் கையிலோ பட்டது. எல்லோரும் குதித்தார்கள், மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள், எங்கள் பெண்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். நான் எழவில்லை. பெஞ்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸர் அடித்ததா இல்லையா, என்னால் சொல்ல முடியாது. இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

யும்னா என் பக்கம் திரும்பினாள். அழுத முகம். என் நெஞ்சில், என் சட்டைப் பையின் மேல், இரண்டு தட்டுத் தட்டினாள்.

அப்புறம்தான் எழுந்தேன். எழுந்தவன் தரையில் இல்லை, ஹவ்வா தோளில் இருந்தேன். எழுபத்தெட்டு கிலோ மனிதனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நசீம் கோப்பையை முத்தமிட்டார், என்னை முத்தமிட்டார், நடுவரையும் முத்தமிடப் போனார். தோற்றுப்போன ஹார்பர் மேளக்காரர்கள் எங்களுக்காக அடித்தார்கள், பெருந்தன்மையான மனிதர்கள். அந்த மேளம் ஒன்றுவிடாமல் என் உடம்பு முழுக்கக் கேட்டது. ஜெயித்தோம். ஐந்து முறை தோற்ற தோணி கரைக்கு வந்துவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நவம்பர் 26, ஞாயிறு

யும்னாவுக்குப் பழைய சுளுக்குத்தான், அதற்கு மேல் போகவில்லை. அந்தக் காலோடு இன்னொரு முறை குதித்திருந்தால் போயிருக்கும் என்கிறாள் ஷஃபா. அரைக் கோப்பை எனக்கு இந்தச் செய்திதான்.

நசீம் அடுத்த சீசன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். புதிதாக ஒரு வரி: கோச் ஊரில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஷஃபா உங்களிடம் நீளமாக என்ன சொன்னாள் என்று கேட்டேன். "இவரை அனுப்பினால் பன்னிரண்டு பேரும் ஆடமாட்டோம் என்றாள்" என்றார். மழை வருகிறதாம், மழை.

அமுதாவை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "இருவத்தாறு வருசமா ஒங்க வலது பக்கமாத்தான வந்துக்கிட்டிருக்கேன். இப்பத்தான் நாலு வருசமா அதுக்கு ஒரு காரணம் கெடச்சிருக்கு." மாங்காய் எறியச் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவையே சரியாக எறிந்தாள்.

தமிழினியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். போனில் வேண்டாம். ஊருக்குப் போனதும் அவள் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து, அவள் திட்டுவதை முழுக்கக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் புரியாமல் பயந்துபோய் ஃபில்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 28, செவ்வாய்

படகில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. பாலத்தில் காரில் போகலாம் என்றார் நசீம். வந்த வழியே போகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

படகுத்துறையில் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள், யும்னா ஊன்றுகோலுடன். எஞ்சின் கிளம்பியது. எல்லோரும் ஏதோ கத்தினார்கள். என் பக்கத்திலிருந்த பயணி காதில் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். படகு இருபது முப்பது அடி நகர்ந்ததும் ஷஃபா கத்துவதை நிறுத்தினாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று இரண்டு கையாலும் வாரி வாரி அழைத்தார்கள். ஆட்டத்துக்கு நூறு தடவை நான் காட்டிக்காட்டிக் கை வலித்த அதே சைகை.

எழுந்து நின்று, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன்.